பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு

கலியாண வீடுகளிலும் கோயில் வீதியிலும் இளம் ஆட்கள் என்னைப் பிடித்து வைத்துக் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "மாமா, பழைய எம்.எக்ஸ்-5 ஒன்று பார்த்து வைச்சிருக்கிறன். வாங்கலாமோ?" நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை. ஆனபடியால் எழுதித் தருகிறேன். இங்கிலாந்தில் இருக்கிற பிள்ளைகளுக்காக, 1989க்கும் 1997க்கும் இடையில் வந்த முதல் தலைமுறை மஸ்டா எம்.எக்ஸ்-5ஐ மனதில் வைத்துச் சொல்கிறேன். எனக்குக் கைப்பழக்கமான கார் அதுதான். எம்.ஜி.பி., பழைய போர்ஷே என்று போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. இந்தக் காரை ஏன் செய்தார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

1979இல் பொப் ஹோல் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர், மஸ்டாவின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவராக இருந்த கெனிச்சி யமமோட்டோவிடம், பாரமில்லாத, திறந்த கூரைச் சிறு கார் ஒன்றை நீங்கள் செய்ய வேண்டும் என்று சொன்னார். அந்த மாதிரிக் கார்களுக்குப் பேர்போன நாடு இங்கிலாந்து. அடுத்த ஆண்டே அங்கே செய்த எம்.ஜி.பி.யின் உற்பத்தி நின்றுபோனது. யமமோட்டோ அந்தப் பேச்சை மறக்கவில்லை. பத்து ஆண்டு கழித்து, 1989 பெப்ரவரியில், சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் எம்.எக்ஸ்-5 வெளிவந்தது. 1.6 லிட்டர் எஞ்சின், ஏறத்தாழ 115 குதிரைவலு, ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை. பின் சில்லுகளுக்குத்தான் இழுவை. எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னே தள்ளி வைத்ததால் பாரம் முன்னும் பின்னும் கிட்டத்தட்டச் சரிபாதி.

இன்றைக்கு அம்மாமார் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிற கார் பல, சிக்னலில் இதை முந்திவிடும். வேகம் வேண்டும் என்கிற பிள்ளை வேறு கார் தேடட்டும். மணிக்கு நாற்பது மைலில் போகும்போதே கார் என்ன செய்கிறது என்று உள்ளங்கையிலும் இடுப்பிலும் உணர வேண்டும் என்கிறவருக்கு இதைவிட நல்ல வாகனம் அந்த விலைக்கு நான் கண்டதில்லை.

2. கையிலுள்ள காசு முழுவதையும் வாங்கும் விலையில் போடாதீர்கள்.

மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். முதல் வருடத்தில் அது போய்விடும். ரைமிங் பெல்ட்டும் தண்ணீர்ப் பம்பும், எல்லா ஒயிலும், ரப்பர்க் குழாய்கள், பிறேக், நாலு ரயர் — முந்தின சொந்தக்காரர் "எல்லாம் இப்பதான் மாத்தினது" என்று சொன்னாலும், ரசீது கண்ணில் காட்டாதவரை மாற்றவில்லை என்றே கணக்குப் போடுங்கள். விலை குறைந்த காரை வாங்கித் திருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். இந்தக் காரில் அந்தக் கணக்கு சரிவராது, காரணம் அடுத்தது.

3. எஞ்சினைத் திறக்கும் முன் தகட்டைப் பாருங்கள்.

இந்தக் காரைச் சாகடிப்பது கறள். எஞ்சின் போனால் இன்னொன்று தேடிப் போடலாம். உடம்பு உக்கினால் காரே போனது. ஆகவே இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

துணிக் கூரையில், அதாவது ஹூட்டில், விழுகிற மழை பின்பக்கமாக வழிந்து, இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிற ரப்பர்ப் பீலியில் சேர்கிறது. பீலியின் இரண்டு மூலையிலும் ஒவ்வொரு துளை. அங்கிருந்து ஒரு குழாய் கீழிறங்கி, பின் சில்லுக்குச் சற்று முன்னால் தண்ணீரை வெளியே விடுகிறது. மரத்தடியில் நிற்கிற கார் என்றால் இலைச்சருகும் தூசியும் ஹூட்டின் நூலும் சேர்ந்து அந்தத் துளையை அடைத்துவிடும். அதன்பிறகு தண்ணீர் போகிற இடம் கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டித் தகட்டின் உட்பக்கம். அது உள்ளேயிருந்து வெளியே உக்கிக்கொண்டு வரும். வெளியில் வர்ணம் மினுங்கிக்கொண்டிருக்கும். வர்ணத்தில் ஒரு கொப்புளம் எழும்புகிற நேரம், உள்ளே தகடு இருக்காது.

பார்க்கப் போகிற இடத்தில் ஹூட்டை இறக்கச் சொல்லுங்கள். இருக்கைக்குப் பின்னால் மூலையில் விரலை விட்டுத் துளையைத் தேடி, அரைக் கோப்பை தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். ஊற்றின கையோடு பின் சில்லுக்கு முன்னால் நிலத்தில் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று உங்களுக்கு இப்போது தெரியும். அடுத்து முழங்காலில் இருந்து, பின் சில்லுக்கு ஒரு சாண் முன்னால் பெட்டித் தகட்டின் அடிப்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்துங்கள். கல்லுப் போல இருக்க வேண்டும். நொறுநொறுவென்று சத்தம் வந்தால் கையைத் துடைத்துக்கொண்டு நன்றி சொல்லிப் புறப்படலாம். சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பூச்சுப் பசை அப்பி மறைத்த இடத்தில் அது பிடிக்காது.

ஆசனப் பட்டி பூட்டியிருக்கிற இடத்துக்கும் சஸ்பென்சன் பூட்டியிருக்கிற இடத்துக்கும் பக்கத்தில் தகடு உக்கியிருந்தால் வருடாந்த எம்.ஓ.ரி. சோதனையில் கார் தேறாது. இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து, புதுத் தகடு வெல்டிங் செய்து, வர்ணமும் அடித்து முடிக்க ஆயிரம் பவுண் தாண்டும். மேலே ஒரு தகட்டை ஒட்டிவிட்டு மலிவாக முடிக்கிறவர்களும் உண்டு. உக்கல் உள்ளேயே இருந்து இரண்டு குளிர்காலத்தில் திரும்ப வரும். 1998இல் வந்த இரண்டாம் தலைமுறைக் காரில் இதோடு முன் சட்டத்தின் அடியையும் பார்க்க வேண்டும். அங்கேயும் கறள் பிடிக்கிறது.

வாங்கின பிறகு வருடத்தில் இரண்டு தரமாவது அந்தத் துளைகளைத் துப்புரவாக்குங்கள். வளைகிற பிளாஸ்ரிக் கம்பியால் மெதுவாகச் செய்ய வேண்டும். இரும்புக் கம்பி விட்டால் உள்ளே குழாய் கிழிந்துபோகும். தெருவுக்கு உப்புப் போடுகிற மாதங்களில் காரை வெளியே எடுத்தால், வந்தவுடன் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள்.

4. எம்.ஓ.ரி. வரலாற்றைப் படியுங்கள்.

அரசாங்க இணையத்தளத்தில் இலக்கத் தகட்டு எண்ணைப் போட்டால் காசில்லாமல் வரும். தேறியதா இல்லையா என்பதோடு நின்றுவிடாமல், பரிசோதகர் எழுதி வைத்த குறிப்புகளை ஆண்டு வரிசையில் பாருங்கள். "கறள் தொடங்குகிறது" என்று மூன்று வருடம் தொடர்ந்து எழுதப்பட்டு, நாலாவது வருடம் அந்த வரி காணாமல் போனால், வெல்டிங் ரசீதைக் கேளுங்கள். மைல் கணக்கு எங்கேயாவது பின்னுக்குப் போயிருக்கிறதா என்றும் தெரியவரும்.

யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயர்ப் பலகையோடு நிற்பதும் இதே கார்தான், ஜப்பானிலிருந்து இறக்கியது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உப்பில்லாத தெருவில் ஓடினது நல்லதுதான். ஆனால் அது இங்கு வந்து எத்தனை குளிர்காலம் கண்டது என்பதுதான் இப்போது கேட்க வேண்டிய கேள்வி.

5. எஞ்சினுக்கு அதிகம் பயப்பட வேண்டாம்.

பலமான எஞ்சின். ரைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒருக்கால் மாற்ற வேண்டும். மைல் ஓடாத காரிலும் வயது போனால் மாற்ற வேண்டும். அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் முட்டாது, நடுவழியில் நிற்பதோடு சரி. குளிரில் ஸ்ரார்ட் பண்ணினதும் டிக் டிக் என்று மேலே சத்தம் வரும். ஒயில் பழசு என்று அர்த்தம், சூடேற அடங்கிவிடும். எஞ்சினின் பின்பக்கம் ஒயில் கசிந்திருந்தால், அங்கேயிருக்கிற சென்சரின் ரப்பர் வளையம் இறுகிப்போயிருக்கலாம். சில பென்ஸ் விலைச் சாமான். மாற்றக் கை போவதுதான் கஷ்டம்.

கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. ரேடியேற்றரின் மேல் பிளாஸ்ரிக் தொட்டி புதிதில் கறுப்பாக இருக்கும். பச்சை கலந்த மண்ணிறமாக மாறியிருந்தால் வெடிக்கக் காத்திருக்கிறது. உடனே மாற்றுங்கள், அது வெடித்த பிறகும் ஓட்டினால் எஞ்சினின் தலைப் பகுதி போய்விடும். மற்றது, 1991 வரை வந்த தொடக்கக் கார்களில் கிராங்கின் மூக்கு கட்டை. எஞ்சின் ஓடும்போது முன்னால் இருந்து அந்த மூக்கில் பூட்டியிருக்கிற புல்லியைப் பாருங்கள். ஆடினால் விட்டுவிடுங்கள்.

பற்றரி இந்தக் காரில் பின் டிக்கியில் இருக்கிறது. சாதாரணப் பற்றரியைப் போட்டால் அதன் ஆவி டிக்கித் தகட்டை அரிக்கும். ஆவிக்குழாய் பூட்டக்கூடிய சரியான வகையை வாங்குங்கள்.

பெற்றோல் விசயத்தில், ஈ5 என்று எழுதியிருக்கிற சுப்பர் வகையைப் போடுங்கள். 2021இலிருந்து சாதாரணப் பம்பில் வருவது ஈ10. அதிலுள்ள எதனோலுக்குப் பழைய ரப்பர் தாங்குமா என்று சோதித்துப் பார்க்கிற இடமாக உங்கள் கார் இருக்க வேண்டாம்.

6. குதிரைவலுவைக் கூட்டக் காசு செலவழிக்கும் முன் ரயரையும் அலைன்மென்ற்றையும் கவனியுங்கள்.

ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. குறைய ஓடுகிற கார்களில் தேய்மானமே இல்லாமல், பன்னிரண்டு வயதில் பிளாஸ்ரிக் போல இறுகின ரயரை அடிக்கடி காண்கிறேன். அந்த ரயரோடு இந்தக் காரின் குணம் என்னவென்று யாருக்கும் தெரியவராது. நாலு சில்லிலும் கோணத்தைச் சரிசெய்யலாம் என்பது இந்தக் காரின் பெரிய பேறு. நல்ல கடையில் அதைச் செய்வித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், வேறு கார் போலத் திரும்பும். ஒரு எச்சரிக்கை: கோணத்தை மாற்றுகிற ஆணிகள் கறளில் இறுகியிருக்கும். ஒரு வாரம் முன்னமே ஊடுருவுகிற ஒயில் அடித்து ஊறவிட்டுக் கொண்டுபோங்கள்.

7. ஹூட்டைப் பக்குவமாகக் கையாளுங்கள்.

பின் கண்ணாடி பிளாஸ்ரிக். இறக்கும் முன் சிப்பைத் திறந்து அதைத் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். கடுங்குளிரில் மடித்தால் வெடிக்கும். புது ஹூட் போடச் சில நூறு பவுண் போகும்.

8. அரசாங்கத்துக்கும் காப்புறுதிக்கும் போகிற காசை வாங்க முதலே எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

லண்டனில் இருக்கிற பிள்ளைகள் இதைக் கவனமாகப் படியுங்கள். 2023 ஓகஸ்ட் 29இலிருந்து லண்டனின் எல்லாப் பகுதிக்கும் யூலெஸ், அதாவது புகை கூடின வாகனங்களுக்குக் காசு அறவிடுகிற வலயம், வந்துவிட்டது. முதல் தலைமுறைக் கார் அதன் புகை அளவுக்குள் வராது. ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் 12 பவுண் 50 பென்ஸ். தெருமுனைக் கடைக்குப் போனாலும் அதே காசு. கணக்கு நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிகிறது. இரவு விருந்துக்குப் போய் ஒரு மணிக்குத் திரும்பினால் இரண்டு நாள் காசு. வருடத்தில் ஐம்பது ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் 625 பவுண். வீட்டில் நிற்கிற நாளுக்குக் காசில்லை. நாற்பது வயது கடந்து வரலாற்று வாகனம் என்று பதியப்பட்ட கார்களுக்கு விலக்கு உண்டு. இப்போதைய விதிப்படி 1989இல் செய்தவை 2030 ஏப்ரலில் அந்தப் பதிவுக்குத் தகுதி பெறும்.

வீதி வரியிலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2001 மார்ச்சுக்கு முன் பதிந்த கார்களுக்கு எஞ்சின் அளவில்தான் வரி. 1549 சீ.சீ.க்கு மேல் என்றால் கூடிய வரி, 1.6 லிட்டரும் அதில் விழுந்துவிடும். குளிர்காலத்தில் ஓட்டாதவர்கள் காரைத் தெருவிலிருந்து எடுத்து நிறுத்தி, ஓடவில்லை என்று அறிவித்தால் மிச்ச முழு மாதங்களின் வரி திரும்ப வரும். அப்படி அறிவித்த காரைத் தெருவோரம் விடக்கூடாது, தனியார் நிலம் வேண்டும்.

காப்புறுதியில், "ஒத்துக்கொண்ட பெறுமதி" என்ற முறையில் எடுங்கள். படங்களும் ரசீதுகளும் அனுப்பி ஒரு விலையை முன்கூட்டியே ஒப்பவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சின்ன இடிபாட்டிலேயே, வயதான கார் என்று சொல்லி முழு நட்டமாக எழுதிவிடுவார்கள்.

9. உங்கள் கையால் செய்யப் பழகுங்கள்.

பழைய காரில் செலவு கூடுவது சாமான் விலையால் இல்லை, கராஜின் மணிக்கூலியால். இந்தக் காருக்குச் சாமான் தாராளமாகக் கிடைக்கிறது. 2016க்குள் எம்.எக்ஸ்-5 பத்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டுவிட்டது. ஜப்பானில் மஸ்டாவே முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பித்துக் கொடுக்கவும், நின்றுபோன சாமான்களை மீண்டும் செய்யவும் தொடங்கியது.

கிளட்ச் மிதி ஒரு நாள் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். பயப்படுவீர்கள். பெரும்பாலும் கியர்பெட்டியின் பக்கத்தில் இருக்கிற சின்ன சிலிண்டரில் ரப்பர் தேய்ந்திருக்கும். இரண்டு ஆணி, ஒரு குழாய், காற்றெடுக்க ஒரு ஆள் மிதியை மிதிக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை காலையில் அது முடிந்துவிடும். பின் பிறேக்கின் கலிப்பர் இறுகுவதும் வழமை. வருடம் ஒருக்கால் கழற்றிச் சுத்தம் செய்து கிறீஸ் பூசினால் இறுகாது. ஜாக்கில் மட்டும் நிற்கிற காருக்குக் கீழே தலையை விடாதீர்கள். தாங்கிகளை வைத்து, காரை ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இதில் எந்தச் சமாதானமும் நான் கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் போரின்போது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோலைக் கண்ணால் காண முடியாது. மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சாமான் இல்லாத இடத்தில் மெக்கானிக்மார் கடைந்து செய்தார்கள். நோயாளியையும் பிரசவத்துக்குப் போகிற பெண்ணையும் அந்தக் கார்கள்தான் ஏற்றிப் போயின. அந்த மெக்கானிக்மாருக்குக் கையில் இருந்த நம்பிக்கை உங்களுக்கும் வரும். அதற்கு ஒரு நல்ல சொக்கற் செட்டும் திருத்தக் கைநூலும் போதும்.

10. இது 1989இன் பாதுகாப்பு உள்ள கார்.

திரும்பும்போது சறுக்கலைத் தடுக்கிற மின்னணு எதுவும் இல்லை. சிலதில் எயார் பாக் கூட இல்லை. கவிழ்ந்தால் தலையைக் காக்க வளையம் வேண்டும். தரமான ஒன்றைப் பூட்டுங்கள். மழையில் ரவுண்டபவுட்டில் திரும்பிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வீசும். வேகத்தைத் திரும்ப முதலே குறைத்து, திரும்பும்போது காலை நிதானமாக வைத்திருங்கள். இதைப் பழகினவர் எந்தக் காரையும் நன்றாக ஓட்டுவார். லைசென்ஸ் எடுத்த கையோடு இந்தக் காருக்கு வருகிற பிள்ளைகளை நான் ஊக்குவிப்பதில்லை.

11. வீட்டில் இருக்கிற ஒரே காராக இதை வைத்திருக்காதீர்கள்.

இரண்டு இருக்கை. குழந்தை வந்தால் என்ன, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டி வந்தால் என்ன என்று மனைவியோடு, கணவனோடு இருந்து கதையுங்கள். மாதம் எவ்வளவு இதற்கு என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட தொகைக்குள் நில்லுங்கள். வீட்டில் மனக்கசப்போடு நிற்கிற காரை ஓட்டிச் சந்தோசப்பட்டவரை நான் காணவில்லை.

12. இவ்வளவுக்கும் கிடைப்பது என்ன?

அல்ற்றனிலிருந்து விக்கம் போகிற ஏ32 தெருவில் மீயன் பள்ளத்தாக்கு வழியாக ஒரு வைகாசிக் காலையில் போய்ப் பாருங்கள். மூன்றாம் கியர், நாற்பது ஐம்பது மைல். கியர்த் தடி மணிக்கட்டை மட்டும் அசைத்தால் போதும் என்கிற அளவுக்குக் கிட்ட இருக்கும். அது பொருந்துகிற 'கிளிக்' விரலில் தெரியும். வளைவில் முன் சில்லுகள் பிடிப்பதும், பிறகு பாரம் பின்னால் போய் அமர்வதும் ஸ்ரியரிங்கில் தனித்தனியாகத் தெரியும். வெட்டின புல்லின் மணம் வரும், மர நிழலுக்குள் போனால் சட்டென்று குளிரும். வேக வரம்புக்குள்ளேயே காரின் திறமை முழுவதையும் பாவிக்க முடிகிறது. முந்நூறு குதிரைவலுக் காரில் அந்தத் தெருவில் இது கிடைக்காது. அதன் திறமையில் கால்வாசியைத் தொட முன்னம் லைசென்ஸ் போய்விடும்.

இன்னொன்று, உங்கள் கையால் மாற்றின சாமானோடு ஓடுகிற கார் அது. சத்தம் கொஞ்சம் மாறினாலே எந்தப் பக்கம் என்று சொல்லக்கூடிய அறிவு உங்களுக்கு வந்திருக்கும். புதுக் கார் வாங்கினவர் முதல் மூன்று வருடத்தில் பெறுமதி விழுந்து இழக்கிற காசை எடுத்துப் பாருங்கள். நீங்கள் ரயருக்கும் வெல்டிங்குக்கும் கொடுத்தது அதற்கு எவ்வளவோ கீழே நிற்கும். கவனமாக வைத்திருந்த கார் வாங்கின விலைக்கு அருகிலேயே நிற்கும். லாபம் வரும் என்று மட்டும் வாங்காதீர்கள். அப்படி வாங்குகிறவர்கள் ஓட்டவும் மாட்டார்கள், ஓடாத கார் கெட்டுப்போகும்.

13. விற்கிற நாளும் வரும்.

முதுகு நோகும், குடும்பம் பெருகும், வெளிநாட்டில் வேலை கிடைக்கும். முதல் நாளிலிருந்தே ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். என்ன செய்தீர்கள், எத்தனையாவது மைலில் செய்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். காரை மாற்றி அலங்கரிக்கிறவர்கள், கழற்றின சாமானை எறியாதீர்கள். முதலில் வந்த ஸ்ரியரிங், சில்லுகள், ரேடியோ, அந்தச் சின்னச் சின்ன பிளாஸ்ரிக் மூடிகள் — எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கட்டும். வாங்க வருகிற பிள்ளைக்கு எந்த இடத்தில் கறள் தொடங்குகிறது என்று நீங்களே காட்டிவிட்டு, அந்தப் பெட்டியையும் டிக்கியில் ஏற்றிக் கொடுங்கள்.